என் வீட்டுக்கு நானே புரோக்கர்

யாங்கோனில் வீட்டுப் புரோக்கர் வேலைக்கு முதலீடு என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். சார்ஜ் நிற்கிற ஒரு போனும், ஏழு மாடி ஏறிய பிறகும் சிரிக்கத் தெரிந்த ஒரு முகமும் போதும். போன் என்னிடம் சுமார்தான். முகம் பரவாயில்லை, தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசினால் இன்னும் கொஞ்சம் பரவாயில்லை.

இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. படத்தில் பளபளவென்று இருந்த வீடு நேரில் இருட்டாக இருந்திருக்கும். காலையில் ஒரு வாடகை, சாயங்காலம் ஒரு வாடகை சொல்லியிருப்பார்கள். ஒரு வருஷ வாடகையை மொத்தமாக முன்னாலேயே கொடு என்று கேட்டபோது நீங்களும் நகைப் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். புரோக்கர் என்றால் இந்தக் கஷ்டம் கிடையாது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நானும் வாடகை வீட்டுக்காரிதான். பபேடானுக்கு இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஆறாவது மாடி, அதுதான் மேல்மாடியும். கீழே தெருவோரத்தில் என் கணவர் குமார் இன்வெர்ட்டர், பேட்டரி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மகள் பவிக்கு மூன்று வயது. அவளுடைய நர்சரி அடுத்த சந்தில். என் தொழிலும் இந்த நாலைந்து தெருக்களில்தான். அதாவது, அந்த வீடு போனால் வீடு மட்டும் போகாது.

கீழே எழுதியிருக்கிறதெல்லாம் இந்த வருஷம் வெயில் ஆரம்பித்து மழை பிடிக்கிற வரைக்கும், நாலு மாசத்துக்குள் நடந்தவை. அந்த நாலு மாசத்தில் எங்கள் ஒப்பந்தமும் முடிய இருந்தது. வீட்டுக்கார அம்மா டோ மியா, “அடுத்த வருஷ வாடகையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று என் தொழிலில் இருக்கிறவளுக்குத் தெரியாதா? என் வீடு நிலைக்குமா என்று தெரியாமலேதான் ஊருக்கெல்லாம் வீடு காட்டினேன். பேச்சு முக்கால்வாசி பர்மியத்தில் நடந்தது. நான் கியாக்தான் பக்கத்துக் கிராமப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

யோசிக்க நேரம்

பவிக்கு நர்சரி அரை நாள்தான். மீதி அரை நாள் என் இடுப்பில்தான் இருப்பாள். ஒரு நாள் நாலாவது மாடி வீடு ஒன்றைக் காட்ட ஒரு இளம் ஜோடியைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணமாகி மூன்று வாரம். கதவைத் திறந்த வீட்டுக்காரப் பெரியவர் பவியைப் பார்த்ததும் கதவைப் பாதி மூடினார். “குழந்தை இருக்கறவங்களுக்குக் கொடுக்கறதில்லை. சுவரெல்லாம் கிறுக்கிடுவாங்க.” நான், “ஊலே, நான் புரோக்கர். குடி வரப்போறது பின்னால நிக்கிறவங்க” என்றேன். பெரியவர்களை நாங்கள் இங்கே ஊலே என்றுதான் கூப்பிடுவோம். அந்த மரியாதைக்குக் கதவு மறுபடி திறந்தது.

வீட்டைச் சுற்றிக் காட்டினார். சமையலறை, குளியலறை, பால்கனி எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இந்த ஒரு வருஷத்துக்குள்ள உங்களுக்குக் குழந்தை பொறக்காதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?” என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறக்குமுன் அந்தப் பெண், புதுக் கல்யாணப் பெண், கொஞ்சமும் வெட்கப்படாமல் விரல் விட்டு எண்ணினாள்:

“ஒப்பந்தம் பன்னிரண்டு மாசம், குழந்தைக்குப் பத்து மாசம். அப்ப நாங்க யோசிக்க ரெண்டு மாசம் இருக்கு ஊலே, யோசிச்சுச் சொல்றோம்.”

இரண்டு படுக்கையறை

எங்கள் தொழிலில் ஒரு வீட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு புரோக்கர். வீட்டுக்காரர் பக்கம் ஒருவர், குடி வருகிறவர் பக்கம் ஒருவர். வீட்டுக்காரர் கொடுக்கிற ஒரு மாச வாடகைத் தரகில் ஆளுக்குப் பாதி. எனக்கு அடிக்கடி ஜோடி சேருகிறவன் கோ டெட். வயது இருபத்தாறு, நாக்குக்கு வயதே கிடையாது. அவன் போட்ட விளம்பரத்தில் “இரண்டு படுக்கையறை, ஒரு வரவேற்பறை” என்று இருந்தது, படமும் இருந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை நான் கூட்டிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தால் ஒரே நீள ஹால். அறையும் இல்லை, சுவரும் இல்லை. முன்பு இருந்த குடித்தனக்காரர் தன் காசில் போட்ட பலகைத் தடுப்பு ஆயிற்றே, போகும்போது கழற்றிக்கொண்டு போய்விட்டார். தரையில் பலகை இருந்த தடம் மட்டும் கோடு கோடாக இருந்தது. கோ டெட் அசரவே இல்லை. கோட்டைக் காட்டி, “இது முதல் படுக்கையறை ஊலே, இது ரெண்டாவது, நல்ல காத்து வரும்” என்றான். அந்த மனிதர் மரியாதையாக முதல் கோட்டுக்கு முன்னால் போய் நின்றார். கையை மடக்கி, காற்றில் மூன்று தடவை தட்டினார்.

“உள்ளே யாராச்சும் இருந்தா கொஞ்சம் வெளிய வாங்க, வாடகையைப் பாதியாக் குறைக்கச் சொல்ல சாட்சி வேணும்.”

பிரியாணிப் பொட்டலம்

போனில் என் பெயர் மா சந்தா. வீட்டில், கோயிலில் சாந்தி. எங்கள் ஆட்கள் பலருக்கும் இப்படி பர்மியத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு பெயர் உண்டு. போனில் மா சந்தாவிடம் தேனாகப் பேசுகிற வீட்டுக்காரர்கள் சிலர், நேரில் சாந்தியைப் பார்த்ததும், “குடி வர்றவங்க உங்க ஆளுங்களா?” என்று கேட்பார்கள். கேட்டுப் பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பழகக்கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்கிறேன்.

ராஜு அண்ணன் துறைமுகத்தில் கணக்கர். தங்கமான மனிதர், ஒரு வருஷ முன்பணமும் தயார். அவரைக் கூட்டிக்கொண்டு போன வீட்டில், வீட்டுக்காரர் நடுக்கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தார். “தப்பா நினைக்காதீங்க. இந்தியக்காரங்க சமைச்சா மசாலா வாசனை சுவத்துல ஏறிடும். அப்புறம் வெள்ளையடிச்சாலும் போகாது. அதான் யோசிக்கிறேன்.” அவர் முன்னால் விரிந்திருந்த பொட்டலம், எங்கள் பபேடான் கடையில் வாங்கிய டான்பௌக் பிரியாணி. கோழித் துண்டு கையில். ஏலக்காய் வாசனை மாடிப்படி வரைக்கும் வந்துகொண்டிருந்தது. நான் பொட்டலத்தைப் பார்த்தேன். ராஜு அண்ணனும் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டே சாந்தமாகச் சொன்னார்:

“நீங்க நிதானமாச் சாப்பிட்டு முடிங்க, வாசனை போனதும் போன் பண்ணுங்க, அப்புறம் உங்க வீடு எனக்குப் பிடிக்குதான்னு பாக்கறேன்.”

கயிறு

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒவ்வொரு மாடி பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கீழே இருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். காலைச் சாப்பாட்டு மொஹிங்கா நூடுல்ஸோ, மருந்தோ, கரண்ட் பில்லோ கிளிப்பில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்ளலாம். மாடி ஏற ஏற வாடகை குறையும், கயிறு நீளும். நிலநடுக்கத்துக்கு அப்புறம், எல்லோரும் கீழ்மாடி கேட்க ஆரம்பித்த பிறகு, இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். கையில் பணம் குறைவாக இருக்கிறவர்கள் மேலேதான் போகவேண்டும்.

புறநகர் மிங்கலாடோன் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, கணவரோடு வந்திருந்தார். அங்கே வாடகை ஏறி, நகரத்துக்குள் மேல்மாடி அதைவிட மலிவு என்கிற நிலைமை. ஏழாவது மாடி. கணவர் முன்னாள் லாரி டிரைவர், நல்ல பருமன். மூன்றாவது மாடியில் ஒரு தடவை, ஐந்தாவது மாடியில் ஒரு தடவை உட்கார்ந்தார். ஏழாவதில் பேச்சே வரவில்லை. கோ டெட் உடனே பால்கனிக்கு ஓடினான். “ஊலே இறங்கவே வேண்டாம். பாருங்க, எவ்வளவு நல்ல கயிறு. நைலான். என்ன வேணும்னாலும் மேல இழுத்துக்கலாம்.” அந்த அம்மா கயிற்றைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி கயிற்றைப் பார்த்தார்.

“இந்த மனுஷனைக் கட்டி இழுத்து ஒரு தடவை காட்டு தம்பி, அறுந்து போகலேன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

வாளி

கரண்ட் இருந்தால்தான் மோட்டார், மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். ஆகையால் எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்: கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து வீடு காட்டுவது. விசிறி சுற்றும், குழாய் கொட்டும், வீடு மகாராணி மாதிரி இருக்கும். நானும் செய்திருக்கிறேன்.

தையல் கடை வைத்திருக்கும் மா ஏ என்ற பெண் இதையெல்லாம் தாண்டி வந்தவள். சொன்ன நேரத்துக்கு வராமல் மூன்று மணி நேரம் கழித்து, கையில் ஒரு காலி பிளாஸ்டிக் வாளியோடு வந்தாள். நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். குழாய் ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் சிரித்து மழுப்பினார். “இப்பத்தான் கரண்ட் போச்சும்மா. வந்ததும் தண்ணி வந்துடும்.” மா ஏ வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு, கதவோரம் சாய்ந்துகொண்டாள்.

“அவசரமில்லைங்க, தண்ணி வர்ற அன்னைக்கு வாடகையும் வரும்.”

பழக்கமான தெரு

தண்ணீர்த் திருவிழா முடிந்து, மழை பிடித்தது. ஒரு மத்தியானம் பவிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். புரோக்கர்கள் நாங்கள் வீட்டு விவரம் பகிர்ந்துகொள்கிற குரூப்பில் கோ டெட் ஒரு புது வீடு போட்டிருந்தான். ஆறாவது மாடி, நல்ல வெளிச்சம், கடைத்தெரு பக்கம். வாடகை நாங்கள் கொடுப்பதைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அடடா, நம் வாடிக்கையாளர்களில் யாருக்குச் சரிவரும் என்று யோசித்தபடி படத்தைப் பெரிதாக்கினேன். சமையலறையில் ஒரு நீலத் தண்ணீர் டிரம். டிரம்முக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்புக் கிரேயானில் ஒரு யானை. யானைக்கு ஐந்து கால்.

அந்த ஐந்தாவது கால் எதற்கு என்று நான் பவியிடம் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். (“அது கால் இல்லைம்மா, செருப்பு!”) டோ மியா போன வாரம், கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கிறேன் என்று வந்து போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். நானும் நல்லது, ரிப்பேர் செய்யப்போகிறார் என்று டீ போட்டுக் கொடுத்தேன். புரோக்கர் வீட்டிலேயே புரோக்கர் வேலை காட்டிவிட்டார்! ஒரு கை சோறோடு, பவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே கடைக்கு இறங்கிக் குமாரிடம் காட்டினேன். அவர் படத்தையும் வாடகையையும் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “இந்த வாடகை நம்மால ஆகாது சாந்தி. நாம சேத்து வச்சிருக்கற வருஷ முன்பணம் இதுக்கு ஆறு மாசத்துக்குத்தான் வரும்.” அதற்குள் போன் அடித்தது. அது யார் வீடு என்று தெரியாத கோ டெட், உற்சாகமாக:

“அக்கா, சூடான வீடு ஒண்ணு வந்திருக்கு, உங்களுக்குப் பழக்கமான தெருதான், யாராச்சும் ஏமாந்தவங்க இருந்தா சீக்கிரம் கூட்டிட்டு வாங்க!”

உண்மை மட்டும்

அழுதேனா என்றால், அரை மணி நேரம். பிறகு தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. இருக்கிற குடித்தனக்காரர் வீட்டில் இருக்கும்போதே ஆட்களைக் காட்டுவது இங்கே வழக்கம். சாவி என்னிடம். வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்கப்போவதும் நான்தான். சரி, திறக்கிறேன். ஒரு பொய்யும் சொல்லமாட்டேன், ஒரு உண்மையையும் மறைக்கமாட்டேன் என்று முடிவு செய்தேன். ஐந்து வருஷத் தொழிலில் இப்படி ஒரு முடிவை நான் எடுத்ததே இல்லை.

வந்தவர்கள் எல்லோரையும் படுக்கையறைக் கூரைக்குக் கீழே நிற்க வைத்தேன். மழை பெய்தால் எந்தெந்த இடத்தில் பாத்திரம் வைக்கவேண்டும் என்று காட்டினேன். மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும், கீழ்வீட்டுக்காரர் எத்தனை மணிக்குச் சண்டை போடுவார், சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் இழுத்தால் மூடும், எல்லாம் சொன்னேன். இந்தத் தெருவில் இதே மாடி என்ன வாடகைக்குப் போகிறது என்றும் சொன்னேன், அதுவும் உண்மைதானே. பத்துப் பேர் வந்தார்கள். பத்துப் பேரும் இறங்கிப் போனார்கள். அதில் ஒரு பேங்க் ஊழியப் பெண் மட்டும் படியில் பாதி இறங்கிவிட்டு மறுபடி ஏறி வந்தாள். அவளுக்குச் சந்தேகம். வாசலில் நின்று கேட்டாள்:

“இவ்வளவு ஓட்டை சொல்றீங்களே அக்கா, அப்ப இங்க இருக்கறவங்க ஏன் காலி பண்ணாம இருக்காங்க?”

பதினோராவது ஆள்

பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருந்தது. வாசோ பௌர்ணமியிலிருந்து மூன்று மாசம் பௌத்தர்களுக்கு ‘வா’ காலம். அந்த மூன்று மாசம் கல்யாணமும் செய்யமாட்டார்கள், வீடும் மாறமாட்டார்கள். அதே சமயத்தில் நம் ஆட்களுக்கு ஆடி மாசம். ஆடியில் நாமும் பால் காய்ச்ச மாட்டோம். ஆக, பௌர்ணமிக்குள் ஆள் வராவிட்டால் அந்த வீடு மூன்று மாசம் சும்மா கிடக்கும். டோ மியாவுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கோ டெட், தான் வராமல், ஒரு குடும்பத்தை மட்டும் அனுப்பினான். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். வடக்கே எங்கோ சண்டையில் ஊரை விட்டு வந்து இரண்டு மாசமாக உறவுக்காரர் வீட்டுக் கூடத்தில் தூங்குகிறவர்கள். கூரை ஒழுகும் என்றேன். “பாத்திரம் இருக்கு” என்றாள் அந்தப் பெண். தண்ணீர் சரியாக வராது என்றேன். “தூக்கிக்கறோம்.” வாடகை அதிகம் என்றேன். “நகை இருக்கு.” வா காலம் வருகிறதே என்றேன். “தலையில மழை விழறவங்களுக்கு எந்த மாசமா இருந்தா என்ன?” என்றாள். என் உண்மையெல்லாம் வசதியாக வீடு தேடுகிறவர்களிடம்தான் செல்லும், இவளிடம் செல்லாது. பொய் சொன்னால் ஒருவேளை போய்விடுவாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் பவி நர்சரிப் பையோடு ஓடி வந்து, டிரம் பக்கத்தில் இருந்த தன் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, “அம்மா, சோறு” என்றாள்.

அந்தப் பெண் பவியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். “இது உங்க வீடா?” என்றாள். ஆமாம் என்றேன். “ஒப்பந்தம் முடியுது. நீங்க எடுக்கலேன்னாலும் வேற யாராச்சும் எடுப்பாங்க. எனக்காகப் பாக்காதீங்க” என்றும் சொன்னேன், அதுவும் உண்மை என்பதால். அவள் கணவனிடம் எதுவும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“என் அடுப்பை அணைச்சது யாருன்னு எனக்குத் தெரியும், இன்னொருத்தி அடுப்பை அணைக்கிற கையா என் கை இருக்க வேண்டாம், வேற காட்டுங்க.”

தரகு

வேறு காட்டினேன். மூன்று நாள், மழையில், பவியைக் கடையில் குமாரிடம் விட்டுவிட்டு. நாலு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் சின்ன வீடு. தனியாக இருக்கிற ஒரு டீச்சரம்மாவுடையது. ஒரு வருஷம் மொத்தமாகக் கேட்டவரிடம் பேசிப் பேசி மூன்று மாசத் தவணைக்கு இறக்கினேன். அவர்கள் குடி போன அன்றைக்கு மறுநாள், பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால், டோ மியா குடையோடு ஆறு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்தார். நல்லவேளை, மழையும் வந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இரண்டடி தள்ளி, நான் வைத்திருந்த சட்டியில் டொக் டொக் என்று விழுந்தது.

“ஒருத்தர் கூட எடுக்கலையே. நீ என்ன சொன்னே?”

“உண்மையைச் சொன்னேன் ஆன்ட்டி.”

“வீட்டைக் காட்டும்போது யாராச்சும் உண்மை சொல்லுவாங்களா? நீயெல்லாம் ஒரு புரோக்கரா!”

“நாளன்னைக்குப் பௌர்ணமி. எங்களுக்கு ஆடி வருது. மூணு மாசம் காலியாக் கிடந்தா, கூரை இன்னும் ஒழுகும். பாத்திரம் வைக்கக்கூட ஆள் இருக்காது. கூரையை உங்க செலவுல பாருங்க. வாடகையில கொஞ்சம் ஏத்திக் கொடுக்கறோம், விலைவாசி எங்களுக்கும் தெரியும். வருஷ முன்பணம் தயாரா இருக்கு. மாட்டேன்னா சொல்லுங்க, நாளைக்கே காலி பண்றோம். எங்களுக்கு ஆடி பொறக்க இன்னும் நாள் இருக்கு.” நாளைக்கே காலி செய்கிறோம் என்றது மட்டும் சுத்தப் பொய். எங்கே காலி செய்வது? சட்டியை ஓட்டைக்கு நேராக இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

டோ மியா சட்டியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், யானையைப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்தெல்லாம் ஆகி, பணத்தைப் பையில் வைத்து எழுந்தபோது, நான் கையை நீட்டினேன். “ஆன்ட்டி, தரகு. ஒரு மாச வாடகை. குடித்தனக்காரங்களைக் கூட்டிட்டு வந்தது நான்தானே?” நாற்காலியில் திரும்ப உட்கார்ந்துவிட்டார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பையைத் திறந்துகொண்டே சொன்னார்:

“என் வீட்டுல உக்காந்துக்கிட்டு, என் வீட்டுக்கு உன்னையே கூட்டிட்டு வந்து, என்கிட்டயே தரகு கேக்கற வித்தையை எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சே?”

பாதி

அதை அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. மறுநாள் டீக்கடையில் கோ டெட் எதிரில் வந்து உட்கார்ந்தான். அது என் வீடு என்று தெரிந்த நாளிலிருந்து என் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டிருந்தவன். “மன்னிச்சுக்கோங்க அக்கா, சத்தியமாத் தெரியாது. படத்துல யானையைத்தான் பாத்தேன், யாரு வீட்டு யானைன்னு நான் எப்படிக் கண்டேன்?” என்றான். எனக்கு ஒரு டீயும், பவிக்கு ஒரு பராட்டாவும் சொன்னான். மனம் இளகி, சரி போகட்டும் விடு என்றேன். பராட்டா வந்தது. அவன் தொண்டையைக் கனைத்தான்.

“வீட்டுக்காரம்மா பக்கம் நான், குடித்தனக்காரங்க பக்கம் நீங்க, அந்தத் தரகுல பாதி என்னோடது அக்கா, டீக்காசைக் கழிச்சுக்கிட்டுக் கொடுங்க.”

கொடுத்தேன், டீக்காசைக் கழிக்காமலே. இந்த ஊரில் சொந்த வீடு வாங்க எனக்கு இந்த ஜென்மத்தில் வக்கில்லை என்றாலும், வாடகை வீட்டில் சொந்தக்காரியைப்போலச் சண்டை போட வரும் என்று தெரிந்துகொண்டதற்கு அந்தப் பாதி ஒன்றும் அதிக விலை இல்லை.